ஆய்வேட்டிலிருந்து காபித் தோட்டத்துக்கு

பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறக்கும் கண்டுபிடிப்பு ஒரு நிறுவனமாக வளர, அது முதலில் யாருக்குச் சொந்தம் என்பது தெளிவாக வேண்டும். பிறகு, மாதச் சம்பளம் இல்லாத வேலையில் துணிந்து இறங்க ஒருவர் வேண்டும். அவர் செய்து தரும் பொருளை முதல் தடவை காசு கொடுத்து வாங்க இன்னொருவர் வேண்டும். முதலீடு என்பது இவை அமைந்த பிறகு வந்து சேர்வது. தமிழ்நாட்டில் புத்தொழில் நிறுவனங்கள் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதலீட்டிலேயே தொடங்கி முதலீட்டிலேயே முடிகிறது. சென்னைக்கு அது பொருந்தலாம். சேலத்துக்கும் அதன் தலைமேல் நிற்கும் சேர்வராயன் மலைக்கும் அது பொருந்தாது.

ஆய்வு நிறுவனங்களுக்கு இங்கே குறைவில்லை. மலையடிவாரத்தில், மேக்னசைட் சுரங்கங்களுக்கு அருகே, 1997-ல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசு பொறியியல் கல்லூரியும் சோனா தொழில்நுட்பக் கல்லூரியும் நகரை ஒட்டியே உள்ளன. கிழக்கே ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் அதே பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். அங்கேயே இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறை 1963-ல் அமைத்த ஆர்க்கிட் தோட்டமும் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்ட மலை இது. இந்த மலையின் பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. காபிக் கொட்டை இன்றும் பெரும்பாலும் பச்சையாகவே மலையிறங்குகிறது. தாதுவும் கொட்டையும் இறங்கிய அளவுக்கு, அடிவாரத்தில் பிறந்த அறிவு மேலே ஏறவில்லை.

ஏறுவது ஏன் கடினம் என்பதற்குக் காபியை அரிக்கும் ஒரு வண்டே போதுமான சான்று. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அராபிகா காபியின் பெரும் பகை. தாய் வண்டு தண்டுப் பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். புழு உள்ளே துளைத்துச் செல்லும். செடி வாடத் தொடங்கும்போதுதான் விஷயம் வெளியே தெரியும். அப்போது அதைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வண்டு பறக்கும் காலம் ஆண்டுக்கு இரண்டு: ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர். ஆண் வண்டு வெளியிட்டுப் பெண் வண்டை ஈர்க்கும் வேதிப்பொருளை பிரிட்டனின் இயற்கை வளங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இந்தியாவின் மத்தியக் காபி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்களும் கூட்டாக அடையாளம் கண்டு 2006-ல் வெளியிட்டார்கள். அறிவியலாகப் பார்த்தால் அது முழுமையான வெற்றி.

தோட்டக்காரருக்கு அது பாதி வழிகூட இல்லை. அந்த வேதிப்பொருளைக் கட்டுப்படியாகும் விலையில் தயாரிக்க வேண்டும். மழையிலும் பனியிலும் வாரக்கணக்கில் சீராக மணம் விடும் குப்பி வேண்டும். பொறி எந்த உயரத்தில் தொங்க வேண்டும், ஏக்கருக்கு எத்தனை என்பதை ஒவ்வொரு மலையிலும் சோதிக்க வேண்டும். நிழல் மரம் அடர்ந்த தோட்டத்திலும் வெயில் விழும் தோட்டத்திலும் வண்டின் நடமாட்டம் ஒன்றாக இராது. பறக்கும் காலத்துக்கு முன்பே பொறி கடைக்கு வந்தாக வேண்டும். இவற்றில் எதற்கும் ஆய்விதழில் இடமில்லை. புதிய அறிவு என்று யாரும் இதைப் பாராட்டப்போவதில்லை. கண்டுபிடிப்பைப் பயன்படும் பொருளாக்குவது இந்த வேலைதான். தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியை அளக்க அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா வகுத்த ஒன்பது படி அளவுகோலில், பல்கலைக்கழக ஆய்வுகள் பொதுவாக மூன்றாவது, நான்காவது படியில் நின்றுவிடுகின்றன. தொழில் நடத்துவோர் ஏழாவது படிக்குக் கீழே கைநீட்டத் தயங்குகிறார்கள். இடையிலுள்ள படிகளுக்குப் பொறுப்பாளர் யாரும் இல்லை. அந்தப் பொறுப்பை ஏற்கும் அமைப்பே புத்தொழில் நிறுவனம்.

முதல் சிக்கல் வெளியீட்டிலேயே தொடங்குகிறது. இந்தியச் சட்டப்படி, சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, கட்டுரையாக வெளிவந்துவிட்ட கண்டுபிடிப்புக்குப் பிறகு காப்புரிமை கிடைக்காது. முதலில் விண்ணப்பம், அடுத்துதான் கட்டுரை. அமெரிக்கச் சட்டம் இதில் ஓராண்டு சலுகை தருகிறது. மரபணுவை வெட்டி ஒட்டும் முறையைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் 1973 நவம்பரில் கட்டுரை வெளியிட்டார்கள். காப்புரிமை பற்றி அவர்கள் யோசித்திருக்கவேயில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப உரிம அலுவலகம் அவர்களை வற்புறுத்தி, கெடு முடியச் சில நாட்களே இருந்தபோது 1974-ல் விண்ணப்பிக்க வைத்தது. அமெரிக்க உரிமை தப்பியது. ஓராண்டுச் சலுகை இல்லாத நாடுகளில் உரிமை போயிற்று. அமெரிக்க உரிமை மட்டுமே பல்கலைக்கழகங்களுக்கு 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. அப்படி வற்புறுத்த ஆள் இல்லாத கல்லூரியில் எத்தனை கண்டுபிடிப்புகள் கட்டுரையாக மட்டுமே முடிந்துபோகின்றன என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஆய்வாளரை இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் ஆசிரியரின் ஆய்வு மதிப்பெண்ணைக் கணக்கிடும் அட்டவணை இருக்கிறது. அறிவியல் துறையில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு அங்கே 8 மதிப்பெண். இந்தியக் காப்புரிமைக்கு 7. கட்டுரை சில மாதங்களில் வெளிவந்துவிடும். காப்புரிமை பரிசோதனை, ஆட்சேபம், விசாரணை எனப் பல ஆண்டுகள் நீளும். பதவி உயர்வை எதிர்நோக்கும் இளம் பேராசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை அந்த ஒரு எண் வித்தியாசமே தீர்மானித்துவிடுகிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022-ல் நீக்கியது நல்ல மாற்றம். செலவுத் தடையும் குறைந்திருக்கிறது: 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை உண்டு. தற்காலிக விவரக் குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதங்கள் அவகாசமும் கிடைக்கிறது. மதிப்பெண் அட்டவணைதான் மாறாமல் இருக்கிறது.

அடுத்தது சொந்தம் பற்றிய கேள்வி. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கா 1980-ல் பே–டோல் சட்டத்தின் மூலம் தெளிவுபடுத்தியது. அதைப் பின்பற்றி இந்தியாவில் 2008-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. மக்கள் பணத்தில் விளைந்த அறிவைத் தனியாருக்குப் பூட்டிவைப்பதா என்ற எதிர்ப்பு அறிவியலாளர்களிடமிருந்தே எழுந்தது. மசோதா 2014-ல் திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் மசோதா போன இடத்தில் வேறு சட்டம் வரவில்லை. 2019-ல் மத்தியக் கல்வித் துறை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான தேசியப் புத்தாக்க, புத்தொழில் கொள்கையை வெளியிட்டது. ஆசிரியர் விடுப்பு எடுத்து நிறுவனம் தொடங்கலாம் என்கிறது அது. வளர்த்துவிடும் கல்வி நிறுவனம் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியரின் ஆய்வுப் பணியும் நிறுவன வேலையும் கலக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் அது வழிகாட்டுதல் மட்டுமே. மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துக்கும் பணிவிதிகளுக்கும் மேலானதல்ல.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது சேலத்திலேயே தெரிந்தது. தொழில்நுட்பம், தொழில்முனைவு, ஆய்வு ஆகியவற்றின் பெயரில் ஓர் அமைப்பை அரசின் முன் அனுமதி பெறாமல் தொடங்கி, பல்கலைக்கழகத்தின் வளங்களைப் பயன்படுத்தியதாக எழுந்த புகாரின்பேரில் பெரியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் 2023 டிசம்பரில் கைதுசெய்யப்பட்டு, பின் இடைக்கால ஜாமீனில் வெளிவந்தார். அந்த வழக்கின் சரி, தவறு நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. நாட்டின் பல இன்குபேஷன் மையங்கள் லாப நோக்கமற்ற தனி நிறுவனமாகவோ சங்கமாகவோ பதிவு பெற்றே இயங்குகின்றன. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று அதுபோன்ற அமைப்பை நிறுவ யாரிடம் அனுமதி பெற வேண்டும், இயக்குநர்களாக யார் இருக்கலாம், பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு என்ன வாடகை, கணக்கை யார் தணிக்கை செய்வது என்பவை எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்பட்ட விதி முறைகேட்டையும் தடுக்கும், நேர்மையாக முயல்பவரையும் காக்கும். அது இல்லாத இடத்தில் பேராசிரியர்கள் பாதுகாப்பான வழியையே தேர்ந்தெடுப்பார்கள்: எதையும் தொடங்காமல் இருப்பது. உயர்கல்வித் துறை ஓர் அரசாணையில் முடிக்கக்கூடிய வேலை இது. தள்ளிப்போடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

மூன்றாவது தேவையான முதல் வாடிக்கையாளர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதையும் சேலமே காட்டியிருக்கிறது. சோனா கல்லூரியின் சோனாஸ்பீட் என்ற மின்மோட்டார் ஆய்வுக் குழு இஸ்ரோவுக்காக ஸ்டெப்பர் மோட்டார் உருவாக்கியது. 2023 ஜூலையில் சந்திரயான்-3 விண்கலத்தை ஏந்திச் சென்ற எல்.வி.எம்.-3 ஏவூர்தியில், இன்ஜினுக்குச் செல்லும் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதியில் அந்த மோட்டார் பயன்பட்டது. பெருநகர முதலீட்டாளர்களின் கூட்டம் கூடும் ஊரல்ல சேலம். எது தேவை, எந்தத் தரத்தில் தேவை, தேறினால் வாங்கிக்கொள்கிறோம் என்று தெளிவாகச் சொன்ன ஒரு வாடிக்கையாளர் இருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் அனுபவமும் வேறல்ல. 2010-ல் திறக்கப்பட்ட அதன் ஆராய்ச்சிப் பூங்காவில் தொழில் நிறுவனங்களும் ஆய்வாளர்களும் ஒரே வளாகத்தில் புழங்குகிறார்கள். அந்தச் சூழலில் 2017-ல் தொடங்கிய அக்னிகுல், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவான இன்ஜினுடன் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ஏவூர்தியைச் செலுத்தியது. ஏழாண்டு உழைப்பு, ஐ.ஐ.டி.யின் எரிதல் ஆய்வு மையம், இஸ்ரோவின் துணை எல்லாம் அதன் பின்னால் இருந்தன. அந்த அளவு வசதியை ஒவ்வொரு மாவட்டத்திலும் எழுப்ப முடியாது. தேவையைத் தெளிவாகச் சொல்லும் வாடிக்கையாளரை எந்த மாவட்டத்திலும் ஏற்படுத்த முடியும்.

ஏற்காட்டின் தேவைகள் கண்முன்னே கிடக்கின்றன. காபிப் பழத்தைத் தோல் நீக்கிக் கழுவும் தண்ணீர் ஓடையில் சேர்ந்தால் ஓடையைக் கெடுக்கிறது. சிறு தோட்டக்காரர் வாங்கக்கூடிய விலையில் அதைச் சுத்திகரிக்கும் அமைப்பு வேண்டும். சில்வர் ஓக் மரங்களில் ஏறும் மிளகுக் கொடியை வாடல் நோய் தாக்குகிறது. காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் வருகின்றன. மனிதருக்கும் விலங்குக்கும் காயமின்றி எச்சரிக்கும் கருவி வேண்டும். பழம் பறிக்க ஆள் கிடைப்பதில்லை. இவை ஒவ்வொன்றும் தனித் துறையின் ஆய்வுப் பொருள். பதில்களின் துண்டுகள் அடிவாரத்து ஆய்வகங்களில் கிடைக்கக்கூடும். தோட்டக்காரர் சங்கங்களும் காபி வாரியமும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து, இந்தத் தேவைகளை இஸ்ரோ எழுதுவதுபோல் அளவும் விலையும் தரமும் குறித்து எழுதிக் கொடுத்தால், ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவருக்கும் அது உதவும்.

எல்லாக் கண்டுபிடிப்பும் நிறுவனமாக வேண்டும் என்பதில்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தரும் சேலம் வட்டாரத்தையும் தாக்கியது. இதே பூச்சி ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்துக்கொண்டிருந்தபோது, அதன் தாயகமான தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுபோன ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு அதை அடக்கியவர் ஹான்ஸ் ஹெரன். அதற்காக 1995-ல் அவர் உலக உணவுப் பரிசு பெற்றார். பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் அமைப்பு அந்தக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் வயலில் விட்டார்கள். ஒருமுறை நிலைபெற்றால் குளவி தானாகப் பெருகும், பக்கத்து வயலுக்கும் பறக்கும். அதை ஆண்டுதோறும் விற்க முடியாது, விற்கவும் கூடாது. அரசு ஆய்வு அரசுச் செலவில் உழவரைச் சேர வேண்டிய இடம் அது. ஒரு கண்டுபிடிப்பு எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்வதே, ஆய்வை வெளியே கொண்டுசேர்க்கும் தொழில்நுட்ப மாற்ற அலுவலகத்தின் முதல் கடமை. நிறுவனங்களின் எண்ணிக்கையை மட்டும் வெற்றியாகக் காட்டினால் அந்தக் கடமை கெடும்.

மலைக்கே உரிய இன்னொரு பொறுப்பும் உண்டு. வேறெங்கும் வளராத தாவரங்கள் சேர்வராயன் மலையில் இருக்கின்றன. அவற்றின் பயனை அறிந்தவர்கள் தலைமுறைகளாக இங்கே வாழும் மலையாளி பழங்குடியினர். சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் 2002 சட்டத்தின்படி இதைக் கண்காணிக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பின், உயிர்வளம் சார்ந்த காப்புரிமைக்கு முன் இந்தியர்கள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதை வணிகமாக்கும்போது அனுமதி பெற வேண்டும். பலனைப் பகிர்வதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே உண்டு. திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள், காணிக்காரர் பழங்குடியினர் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கினார்கள். 1990-களில் அது கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய் உரிமத் தொகைக்கும் 2 சதவீத உரிமப் பங்குக்கும் தரப்பட்டது. வருவாயில் பாதி காணிக்காரர்களின் அறக்கட்டளைக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்த இலையைக் காட்டுப்பகுதிக்கு வெளியே கொண்டுபோக வனத்துறை தடைவிதித்ததில் உற்பத்தி தடுமாறியது. பணத்தைப் பகிர்ந்தால் மட்டும் போதாது, பயிரிடும் உரிமையும் அந்த மக்களுக்குத் தொடக்கத்திலேயே உறுதியாக வேண்டும் என்பதை ஏற்காட்டில் ஆய்வு செய்பவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பணத்துக்கு வாயில்கள் இன்று பல. மாநில அரசின் டான்சீட் திட்டம் தொடக்க நிலை நிறுவனங்களுக்கு 10 லட்ச ரூபாய் அளவில் ஆதாரநிதி தருகிறது. தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்கக் கூப்பன் திட்டத்தில் 2 லட்சமும் அடுத்த கட்டத்தில் 5 லட்சமும் கிடைக்கும். உயிரித்தொழில்நுட்பத்துக்கு மத்திய அரசின் பைராக் அமைப்பு 50 லட்சம் வரை தருகிறது. இல்லாதது இந்த வாயில்களுக்கு அழைத்துப்போகும் ஆள். காப்புரிமை எழுதத் தெரிந்தவர், உரிம ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர், தோட்டத்தையும் ஆய்வகத்தையும் அறிந்த ஒருவர் — இவர்களை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே அமர்த்த முடியாது. சேலம் மாவட்ட நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவாக ஒரு தொழில்நுட்ப மாற்ற அலுவலகம் போதும். அதன் கிளை ஒன்று ஏற்காட்டுத் தோட்டக்கலை நிலையத்தில் இருந்தால், சோதனைக்கு நிலமும் கிடைக்கும், சோதித்துச் சொல்லும் தோட்டக்காரரும் கிடைப்பார்.

நிதிக்காலத்திலும் ஒரு திருத்தம் தேவை. பைராக்கின் தொடக்க நிதி 18 மாதங்களுக்கு உரியது. மென்பொருளுக்கும் நோயறியும் கருவிக்கும் அது போதலாம். அராபிகா காபி மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூத்து, நவம்பர் முதல் ஜனவரி வரை பழுக்கிறது. ஜூனில் நிதி வாங்கும் ஆய்வாளர் ஒரு முழு அறுவடையைத்தான் பார்ப்பார். இரண்டாவது அறுவடை நடந்துகொண்டிருக்கும்போதே கணக்கு ஒப்படைக்கும் நாள் வந்துவிடும். மழை தவறிய ஓராண்டு முடிவை நம்பி எந்தத் தோட்டக்காரரும் புதுப் பொருள் வாங்க மாட்டார், வாங்காதது சரியும்கூட. மலைப்பயிர்களுக்கான நிதியை மாதக்கணக்கில் இல்லாமல் அறுவடைக் கணக்கில் தர வேண்டும். குறைந்தது மூன்று அறுவடை. அவற்றில் கடைசி ஒன்று ஆய்வு நிலையத்தின் பாத்தியில் இல்லாமல், சிறு விவசாயியின் தோட்டத்தில், அவர் வழக்கமாகச் செய்யும் முறையிலேயே நடக்க வேண்டும்.